பாரா புத்தகத்தில் ஒரு கோடு

போன மாதம் ஒரு நாள் காலை, செவிலிமேட்டில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சாதாரணச் சுடிதாரில்தான் வந்திருந்தாள். ஆனால் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்த விதத்திலேயே இது நம் இலாகா என்று தெரிந்துவிட்டது. பெயர் செல்வி என்றாள். சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சி முடித்தாயிற்று, அடுத்த மாதம் ஸ்டேஷனில் சேர வேண்டும் என்றாள். பிறகு மெதுவாக, "நான் பி.சி. காசியோட பேத்திங்கய்யா" என்றாள்.

எனக்கு எண்பது நெருங்குகிறது. ரத்தக் கொதிப்புக்குத் தினம் இரண்டு மாத்திரை. அந்தப் பெயரைக் கேட்டதும் மூன்றாவதைத் தேட வேண்டியிருந்தது.

"தாத்தாகூட வேல பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கறீங்கன்னு சொன்னாங்க. அவரு டேஷன்ல எப்படி இருப்பாருன்னு தெரிஞ்சிக்கினு போய் சேரலாம்னு வந்தன்" என்றாள்.

தனக்குத் தெரிந்த தாத்தாவை அவளே முதலில் சொன்னாள். அவள் ஏழாவது படிக்கும்போது காசி இறந்துபோனார். அதுவரை ஓரிக்கையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது அவர்தானாம். எண்பது வயதிலும் பேத்தியின் புத்தகப் பையைத் தன் தோளில்தான் மாட்டிக்கொள்வாராம். "சாப்புட உக்காந்தா மொதல்ல ஆள எண்ணுவாருங்கய்யா. வூட்ல நாங்க ஆறு பேரு. ஏழுன்னுவாரு. தெனமும் ஏழுதான். தாத்தாவுக்கு எண்ணவே தெரியலன்னு நாங்க சிரிப்போம். அவரும் சிரிச்சிடுவாரு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்று அவளுக்கு நான் பாதிதான் சொன்னேன், நல்ல பாதி. காபி குடித்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுதான் எனக்குச் செரிக்கவில்லை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாலாஜாபாத் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அறுபதுகளின் தொடக்கத்தில் போலீசில் சேர்ந்தேன். ஆறு மாதம் லெஃப்ட் ரைட் போட்டதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எதிர்க் கேள்வி கேட்காமல் இருப்பது. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் லத்தியைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டரானேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ரைட்டர் என்றால் ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் எழுதுகிறவன். நடக்காததையும் எழுதுகிறவன்.

எனக்கு முன்னால் இருந்த கிழட்டு ரைட்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எழுதி முடித்ததும் அடியில் வெற்றிடம் விடக் கூடாது என்பது. மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பின்னால் யாரும் எதையும் நுழைக்க முடியாது. அது எனக்குக் கையோடு ஊறிப்போனது. மளிகைச் சாமான் பட்டியலுக்கு அடியிலும் கோடு இழுத்துக் கொடுப்பேன். "நான் என்ன இதுல அரைக் கிலோ அல்வா எழுதிச் சேத்துடுவேனா" என்று என் மனைவி கேட்பாள்.

காசி கான்ஸ்டபிள், பி.சி. என்போம். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "வாய்யா காசி" என்றுதான் கூப்பிட்டேன். மற்றவர்கள் "வாடா" என்றார்கள். அவர் இருளர். பாலாற்றங்கரையில், ஓரிக்கையைத் தாண்டி இருந்த குடிசைகளில் பிறந்தவர். எலியும் பாம்பும் பிடிப்பது அவர்கள் பிழைப்பு. ரிக்கார்டு ரூமில் புகுந்த நல்ல பாம்பை அவர் பிடித்ததைப் பார்த்து ஒரு பெரிய அதிகாரி போலீசில் சேர்த்துவிட்டார் என்று ஸ்டேஷனில் ஒரு கதை உண்டு. காசி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "ஓட்டத்துல மொதல் ஆளு நானு, எழுதப் படிக்கத் தெரியும். பாம்பு புடிச்சதுக்கு எவன்யா வேல குடுப்பான்" என்பார்.

ஆனால் ஊர் அவரைப் பாம்புக்குத்தான் கூப்பிட்டது. காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீட்டுத் தறி, தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. மழைக் காலத்தில் அந்தக் குழிக்குள் பாம்பு வந்து சுருண்டுகொள்ளும். உடனே ஸ்டேஷனுக்கு ஆள் ஓடி வரும். காசி காக்கி நிஜாரோடு போய், சிவப்புத் தொப்பியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, குழிக்குள் கையை விடுவார். முன்வாசல் வழியாகப் போனவரைப் பாம்போடு பின்கட்டு வழியாக அனுப்புவார்கள். அவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது தறியைப் பற்றித்தான் பேசுவார். எந்த வீட்டில் என்ன பாவு ஓடுகிறது, யார் கை நல்ல கை என்று அவருக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் அவரிடம் ஒரு தனிப் பழக்கம் இருந்தது. பாரா என்றால் ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். மாறும்போது, போகிறவனும் வருகிறவனும் சேர்ந்து பார்த்துப் பாரா புத்தகத்தில் எழுத வேண்டும். துப்பாக்கி எத்தனை, விலங்கு எத்தனை ஜோடி, லாக்கப்பில் ஆள் எத்தனை. எல்லோரும் முன்னால் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். காசி அப்படிச் செய்ய மாட்டார். லாக்கப் கம்பிக்குள் கையை விட்டு, ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வந்து கையைத் தொட்ட பிறகுதான் எழுதுவார். பெயரையும் எழுதுவார்.

ஒருநாள் கேட்டேன். "எங்கப்பன போலீசு புடிச்சிக்கினு போச்சி. நாலு நாளு தேடினோம், ரைட்டரே. எந்த டேஷன்லயும் அப்படி ஆளே இல்லன்னாங்க. அஞ்சாம் நாளு வந்தாரு. அப்புறம் ரொம்ப நாளு உசுரோட இல்ல. எவனாச்சும் ஒருத்தன் ஒண்ணுன்னு எழுதியிருந்தா எங்கம்மா அலைஞ்சிருக்காது" என்றார். சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார்.

எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, காதில் துளசியோடுதான் ஸ்டேஷனுக்கு வருவார். எங்களைத் "தம்பி" என்பார். சாப்பிட்டாயா என்று கேட்காமல் வேலை சொல்ல மாட்டார். ஒருவனை அடி என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. "கொஞ்சம் விசாரிங்க" என்பார், சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். எழுதாதே என்றும் சொன்னதில்லை. "அப்புறம் எழுதிக்கலாம், தம்பி" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. கத்துகிற அதிகாரியிடமிருந்து தப்பிக்க வழி உண்டு. இவரிடம் இல்லை. கெடுதல் செய்கிறோம் என்ற நினைப்பே வராமல் செய்ய வைப்பார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். சின்ன காஞ்சிபுரத்தில், நான்கு தறி வைத்திருந்த ஒரு முதலாளி வீட்டில் திருட்டு. கல்யாணத்துக்கென்று நெய்து தறியிலேயே சுருட்டியிருந்த இரண்டு பட்டுச் சேலைகளை யாரோ பகலில், வீட்டார் கோயிலுக்குப் போன நேரத்தில், அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளிக்குப் பெரிய இடத்துப் பழக்கம் உண்டு. மறுநாளே மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது.

எஸ்.ஐ., நான், காசி மூவரும் போனோம். காசி தறிப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபட்ட இழைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டிருந்தது. நெய்ததை அறுத்தெடுத்தால், மிச்சமுள்ள பாவின், அதாவது நீளவாக்கில் கட்டிய நூலின், இழைகள் சீப்பு போன்ற அச்சிலிருந்து நழுவிவிடும். ஆயிரக்கணக்கான இழை. நழுவினால் ஒவ்வொன்றாகக் கோக்க நாள்கணக்கில் ஆகும். அதனால் தறிக்காரன் அறுத்ததும் முதல் வேலையாக முடிச்சுப் போடுவான்.

"ஐயா, இது தறிக்காரன் கை" என்றார் காசி. "வெளியாளு அறுத்தா இழுத்துக்கினு ஓடுவான். இவன் நின்னு முடிச்சு போட்டுட்டுப் போயிருக்கான். பாவு கெடக் கூடாதுன்னு பாத்திருக்கான். இந்த வூட்டுத் தறியில உக்கார்றவன்தான்."

முதலாளியின் தம்பி சுவரோரம் நின்றிருந்தான். அந்தத் தறியில் நெய்கிறவன் அவன்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. முதலாளி தம்பியைப் பார்த்தார், பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. எல்லோரையும் பார்த்தார்.

"காசி, நீ பாம்பு பாக்க வந்தியா, கேஸ் பாக்க வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு முதலாளியிடம் திரும்பி, போன வாரம் வெளியாள் யாராவது வந்தார்களா என்று விசாரித்தார்.

வந்திருந்தான். தறிக்குழியில் பாம்பு என்று போன வாரம் ஆள் வந்தபோது காசிக்குக் கோர்ட் டியூட்டி. அதனால் தன் அக்கா மகன் கன்னியப்பனை அனுப்பிவைத்தார். இருபத்துநாலு இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம். ஊரில் திருட்டு என்றாலே முதலில் ஆற்றங்கரைக் குடிசைகளுக்குத்தான் ஆள் போகும். இப்போது பெயரோடே கிடைத்துவிட்டது.

"நாங்க போனா ஓடுவான். நீ கூப்டா வருவான். ரெண்டு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடலாம்" என்றார் எஸ்.ஐ.

காசி என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை காசி அவனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார். கன்னியப்பன் என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டான். மாமா இருக்கிறார் என்ற தைரியம். "இவன் வந்தத பொது டைரியில எழுதிடட்டுங்களா?" என்று எஸ்.ஐ.யிடம் கேட்டேன். "அப்புறம் எழுதிக்கலாம், தம்பி" என்றார். காசியைத் தபால் கொடுத்துச் செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு எஸ்.ஐ. வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். பின்னறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன். மேசையிலிருந்து எழுந்து போகவில்லை. தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்க முயன்றேன். முடியவில்லை. நடுப்பகலில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து லாக்கப்பில் போட்டார்கள்.

இரண்டு மணிக்குக் காசிக்குப் பாரா. செங்கல்பட்டிலிருந்து வந்ததும் வராததுமாகத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். போகிற பாராக்காரன், "லாக்கப்புல ஆள் இல்ல காசி, கையெழுத்துப் போடு" என்றான். காசி வழக்கம்போலக் கம்பிக்குள் கையை விட்டார்.

"கன்னியப்பா."

பதில் வர நேரமாயிற்று. "மாமா" என்ற சத்தம் கேட்டது. ஒரு கை ஊர்ந்து வந்து அவர் விரலைப் பிடித்தது. "தண்ணி, மாமா."

காசி தண்ணீர் கொடுத்தார். கம்பிக்கு வெளியே உட்கார்ந்து, கையை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினார். பிறகு எழுந்து வந்து, என் கண் முன்னால் பாரா புத்தகத்தில் எழுதினார்: லாக்கப்பில் ஆள் ஒன்று. பெயர் கன்னியப்பன். எழுதிவிட்டு எஸ்.ஐ.யிடம் போய், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணுங்கய்யா" என்றார். "போலாம் காசி, வண்டி வரட்டும்" என்றார் எஸ்.ஐ. வண்டி வரவில்லை. காசி மூன்று முறை போய்க் கேட்டார். நான்கு மணிக்கு முன்பே கன்னியப்பன் போய்விட்டான். காசியின் கை அப்போதும் கம்பிக்குள்தான் இருந்தது.

பாலாற்று மணலில் பாம்பு கடித்துக் கிடந்தான் என்று முடிவாயிற்று. பாம்பு பிடிக்கிறவன் பாம்பு கடித்துச் செத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் எஸ்.ஐ. என் மேசைக்கு வந்தார். "சாப்டீங்களா, தம்பி? பாரா புத்தகம் கிழிஞ்சிபோச்சு பாருங்க. புதுசா ஒண்ணு எழுதிடுங்க" என்றார்.

புத்தகம் கிழியவில்லை. என்னிடம் கொடுக்கும்போது அவரே கிழித்தார். நான் எழுதினேன். பதினைந்து நாள் பாரா மாற்றத்தையும், ஒவ்வொருவர் எழுத்திலும் ஒவ்வொருவர் கையெழுத்திலும் எழுதினேன். என் கை அதற்குப் பெயர் போனது. காசியின் இடத்தில், லாக்கப்பில் ஆள் இல்லை என்று எழுதி, அவர் கையெழுத்தைப் போட்டேன். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

காசி மேலே மனு கொடுத்தார். அக்கா மகன் லாக்கப்பில் செத்தான், பாரா புத்தகத்தில் நானே எழுதியிருக்கிறேன் என்று. சொந்த ஸ்டேஷன் மேல் ஒரு கான்ஸ்டபிள் மனு கொடுப்பதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வருவாய்த் துறையின் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தார். காசியை நிற்கவைத்துப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"இதுல ஆள் இல்லைன்னுதானே போட்டிருக்கே?"

காசி குனிந்து பார்த்தார். "நான் ஒண்ணுன்னு எழுதினங்கய்யா. பேரும் எழுதினன்."

"இது உன் கையெழுத்து இல்லையா?"

"என்னுது மாதிரிதான் இருக்குது. என்னுது இல்ல."

"அப்ப யாருது?"

காசியின் விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. பாராக்காரன் எவனும் அப்படிக் கோடு இழுக்க மாட்டான். பதினைந்து நாள் பக்கங்களிலும், ஒவ்வொன்றின் அடியிலும், என்னை அறியாமல் இழுத்து வைத்திருந்தேன். அதுவரை எனக்கே தெரியாது. அவர் விரல் அந்தக் கோட்டின் மேல் போய், முனையில் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தறியில் முடிச்சைப் பார்த்தபோது இருந்த அதே பார்வை.

"தெரியலிங்கய்யா" என்றார்.

பொய் மனு என்று தள்ளிவிட்டார்கள். காசியின் சம்பள உயர்வை நிறுத்தி, வெளியூருக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து முதலாளி வந்து, பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தம்பியை ஆரணிக்கு அனுப்பிவிட்டார் என்று கேள்வி. அந்தக் கேஸை முடித்து எழுதியதும் நான்தான். அடியில் கோடும் இழுத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் காசி ஓய்வு பெற்றார். சேர்ந்தபோது பி.சி., போகும்போதும் பி.சி. அவரோடு சேர்ந்தவர்கள் ஏட்டாகி, அதற்கு மேலும் போயிருந்தார்கள். நான் அப்போது மாவட்ட ஆபீசில் இருந்தேன். அவர் ஓய்வூதியக் காகிதங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. கையெழுத்துப் போடும் இடங்களைக் காட்டினேன். முதல்முறையாக "காசிண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் நிமிரவில்லை.

"அன்னிக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார். "தறிக்காரன் கைன்னு சொன்னன். யாரு கேட்டாங்க? ஒரு உசுரு போச்சி. ரைட்டர் கைன்னு சொன்னா மட்டும் கேட்ருவாங்களா? உன்னக் காப்பாத்தணும்னு நான் வுடலபா. கேக்க ஆளு இல்லன்னு வுட்டன்." எழுந்து நின்றார். "அவனக் கூட்டினு வந்தது நானு. அது எனக்கு. எழுதினது நீ. அது உனக்கு."

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரே ஊரில் முப்பது வருஷம் இருந்தோம். ஓரிக்கை பஸ் என் வீட்டைத் தாண்டித்தான் போகும். நான் ஏறியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வியை வரச் சொன்னேன். இதையெல்லாம் சொன்னேன். அவள் முதுகு சாயாமலே உட்கார்ந்திருந்தாள். காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. முடித்ததும் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செத்தவரு பேரு இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள்.

"கன்னியப்பன்."

"எங்க வூட்ல யாரும் இந்தப் பேரச் சொல்லி நான் கேட்டதில்ல." பிறகு தாத்தாவில் ஆரம்பித்து, தன் வீட்டாரை விரல் விட்டு எண்ணினாள். ஆறோடு விரல் நின்றது. ஏழாவது விரலை மெதுவாக மடக்கினாள். "அப்ப தாத்தா சரியாத்தான் எண்ணியிருக்காரு" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த மனிதர் தினம் சாப்பாட்டு வேளையில், பேரப்பிள்ளைகளின் சிரிப்புக்கு நடுவே, சாகும்வரை பாரா மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் சொன்னாள், "நீங்க சொன்னத எழுதிக் குடுங்கய்யா. உங்க எழுத்துல, உங்க பேருல." இந்த முறை காலைத் தொட்டுக் கும்பிடவில்லை. அதுதான் சரி.

எழுதிவிட்டேன். அன்று பகல் இரண்டு மணிக்குப் பாராவில் நின்றவர் பி.சி. காசி. லாக்கப்பில் ஆள் ஒன்று. பெயர் கன்னியப்பன். இதற்குக் கீழே என் சொந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். தாளின் அடியில் இன்னும் இடம் இருக்கிறது. கை தானாகப் போயிற்று, இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் கோடு இல்லை. செல்வி ஏதாவது எழுத வேண்டியிருக்கும்.